பெயர் கேட்ட பள்ளம்

டில்லிபாபு தம் வாழ்நாளில் ஒரே முறைதான் புகைப்படத்துக்கு நின்றார். திருமணம் முடிந்த மறுவாரம், தியாகராய நகர் ஸ்டூடியோ ஒன்றில், மனைவி ரத்னாவோடு எடுத்துக்கொண்ட படம் அது. ரத்னாவின் கை அவர் தோளின்மேல் படிந்திருக்கும். படம் பிடித்தவர் வற்புறுத்தியதால் வைத்த கை; வைத்தபின் எடுக்க மனம் வராத கை. அந்தப் படம் பின்னொரு கார்த்திகை மாதத்தில் மந்தைவெளி முதல் சாந்தோம் வரை சுவர்தோறும் ஒட்டப்படும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பவர் டில்லிபாபுதான்.

சிரிப்பதும் சிரிக்கவைப்பதும் அவருக்குப் பிறவியிலேயே வந்தவை. பக்கிங்காம் கால்வாயின் கரையில் ஓலைக் குடிசையில் பிறந்தவர். தந்தை சாந்தோம் கரையில் மீன் வாங்கிச் சைக்கிளில் ஏற்றித் தெருத்தெருவாக விற்றவர். அவர் மறைந்தபின் வண்டி மகனுக்கு வந்தது. மீன் வாடை வீசும் வண்டியில் மயிலாப்பூர் வீடுகளுக்குப் பால் கொண்டுபோக இயலாது என்று உணர்ந்த டில்லிபாபு, அதைப் புளியும் சாம்பலும் போட்டு நாள்கணக்கில் தேய்த்தார். வாடை போய்விட்டதா என்று அறிய, தெருப் பூனைகளை அதன் அருகில் விட்டுப் பார்த்தார். பூனைகள் திரும்பிப் பாராமல் நடந்ததும் பால் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

வைகறையில், கபாலி கோயிலில் பள்ளியெழுச்சி மணி ஒலிக்கும் வேளையில், பால் பாக்கெட் அடுக்கிய பிளாஸ்டிக் டப்புகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் தெருவுக்குள் நுழைவார். வாசலுக்கு ஒரு கேலி வைத்திருப்பார். பால் தாமதமானால் மாடு இன்னும் பல் விளக்கவில்லை என்பார். பாக்கெட் ஒழுகினால் கன்றுக்குட்டி கடித்துவிட்டது என்பார். கதவுக்குப் பின்னால் நின்று மாமிகள் சிரிப்பார்கள். அவருடைய உடைமை இவ்வளவே: ஒரு சைக்கிள், ஒரு படம், ரத்னா, வாய்.

மந்தைவெளியைக் கடந்து அடையாற்றுப் பாலத்தை நோக்கிச் செல்லும் வழியில் சாலை ஓரிடத்தில் வளையும். எப்போதோ குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிய இடம். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் அது மறுபடி வாய் திறந்தது. வட்டமாக, ஓரம் சிதையாமல், யாரோ கயிறு பிடித்து அளந்து வெட்டியதுபோல் இருந்தது. மழை ஓய்ந்து ஊரெல்லாம் உலர்ந்தபின்னும் அதில் நீர் நிற்கும். பேருந்து கடக்கும்போது பக்கத்துத் தேநீர்க்கடையின் கண்ணாடிக் குவளைகள் நடுங்கும்; பள்ளத்து நீர் நடுங்காது. அதில் வானம் தெரியும், மேகம் நகர்வது தெரியும், குனிந்து பார்ப்பவரின் முகம் மட்டும் தெரிவதில்லை என்று அவ்வழியே பூக்கூடையோடு போகும் பெண்கள் சொன்னார்கள். தண்ணீர் கலங்கல், வேறொன்றும் இல்லை என்று டில்லிபாபு சொன்னார்.

வாரம் தவறாமல் ஒருவர் அதில் விழுந்தார். பேருந்துக்கும் காருக்கும் அது ஒரு குலுக்கல். சைக்கிளுக்கு அது ஒரு வாய். செய்தித்தாள் போடுகிறவருக்கு மணிக்கட்டு முறிந்தது. எரிவாயு உருளை கொண்டுபோனவர் உருளையோடு உருண்டார். காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சுந்தரராமன், மந்தைவெளி வீட்டிலிருந்து அடையாற்று அலுவலகத்துக்கு நாள்தோறும் சைக்கிளில் போகிறவர். அவருக்கு முன்பல் போயிற்று. அதற்குப் பின் அவர் பேச்சில் சகரம் வரும் இடமெல்லாம் காற்று வந்தது. சார் இப்போது விசில் அடித்துக்கொண்டே விண்ணப்பம் படிக்கிறார் என்று டில்லிபாபு சொல்லிச் சிரித்தார். அந்தக் கேலிக்குச் சுந்தரராமன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்தான் சைக்கிள்காரர்களை ஒன்று சேர்த்தவர். பால், செய்தித்தாள், பூ, இஸ்திரி என்று பல தொழில் செய்வோரும் அவர் பின்னால் கோட்ட அலுவலகத்துக்கு நடந்தார்கள்.

மாநகராட்சிக்கு மன்றமும் உறுப்பினரும் இல்லாத காலம் அது. முறையிடுவதற்கு ஒரு கோட்ட அலுவலகமும் அதில் ஓர் இளநிலைப் பொறியாளருமே இருந்தார்கள். பொறியாளர் கொடியவர் அல்லர். நாற்காலி கொடுத்து உட்காரவைத்துக் கேட்டார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே. உயிர்ச்சேதம் ஏதாவது உண்டா என்றார். இல்லை என்றதும் முகத்தில் உண்மையான மகிழ்ச்சியோடு, அப்படியானால் மழைக்காலம் முடியட்டும், வரிசையில் வரும் என்றார். மறுமுறை போனபோதும் அதே கேள்வி, அதே மகிழ்ச்சி.

அலுவலக வாசலில், மழைத்தூறலில், டில்லிபாபு வண்டியை நிறுத்தி நின்றார்.

"சேதம் ஒண்ணுதான் கொறையாம், சார். வேற எவனையும் கேக்க வேணாம். நானே செத்துட்டதா வெச்சுக்க."

சுந்தரராமன் காதைப் பொத்திக்கொண்டார். "விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லப்படாது, டில்லி. அஸ்து தேவதைகள் மேல போயிண்டே இருக்கும். காதுல விழுந்தா அப்படியே ஆகட்டும்னுட்டுப் போயிடும்."

"பள்ளத்த மூடணும்னு நூறு தபா சொன்னமே சார். அப்ப அந்தத் தேவதைங்கோ எங்க போயிருந்திச்சாம்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே, டில்லிபாபு செத்ததாகச் சுவரொட்டி ஒட்டும் எண்ணம் உறுதிப்பட்டது.

இராயப்பேட்டையில், பெரிய மருத்துவமனைக்கு எதிர்ச்சந்தில், ஷரஃபுதீன் ஒரு சிறு அச்சகம் வைத்திருந்தார். இருந்த இடம் காரணமாக அவருக்கு வந்த வேலையில் பெரும்பகுதி கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் அடுக்குகிறவர். அப்படி அடுக்கி அடுக்கி உலகத்தையே மறுபுறமாகப் படிக்கப் பழகிவிட்டவர். டில்லிபாபு சொன்னதைக் கேட்டதும் அவருக்கும் சிரிப்பு வந்தது. படம் கொடு என்றார். டில்லிபாபுவிடம் இருந்த படம் ஒன்றே. அதில் ரத்னா இருந்த பாதியை மறைத்து அச்சுக்கட்டை செய்தார்கள். தோளில் இருந்த விரல்களை மட்டும் எவ்வளவு தேய்த்தும் நீக்க முடியவில்லை.

சுவரொட்டியில் இரண்டு தேதிகள் வரவேண்டும். 'மறைவு' என்பதன் எதிரே கழிந்துபோன ஒரு தேதி, பொய்க்காக. 'படத்திறப்பு' என்பதன் எதிரே டிசம்பர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று காலை சைக்கிள்காரர் அனைவரும் அந்த வளைவில் கூடி, அலுவலர்களின் கண்முன் டில்லிபாபுவின் படத்தைத் திறந்து, செத்தவரே எழுந்து நின்று பள்ளத்தை மூடச் சொல்லிக் கேட்பதாக ஏற்பாடு. வாய்மொழியாகச் சொன்னதை ஷரஃபுதீன் காதால் வாங்கிக் கையால் அடுக்கினார். அன்று மாலையே அச்சாகி, மறுநாள் விடிவதற்குள் சுவர்களில் ஏறிவிட்டது.

கால்வாய்க்கரைக் குழாயடியில் குடத்தோடு நின்ற ரத்னா அதை எதிர்ச்சுவரில் கண்டார். கணவர் அப்போதுதான் பால் டப்புகளை இறக்கிவிட்டு வந்து பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ரத்னா எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி, நிதானமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். படித்து முடித்தபோது குடம் நிரம்பித் தண்ணீர் காலில் வழிந்தது.

"யோவ், நல்லா படிச்சியா? இன்னும் நாள் கீதுய்யா உனக்கு."

டில்லிபாபு அருகில் போய்ப் பார்த்தார். கழிந்துபோன தேதியில் படம் திறந்தாயிற்று. மறைவு, டிசம்பர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை.

ஷரஃபுதீன் செய்தி கேட்டதும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அச்சுச் சட்டத்தில் தேதிகளின் மேல்வரியும் கீழ்வரியும் இடம் மாறிப்போனதை அவர் கண் பார்த்திருக்கிறது. பழக்கத்தால் சரியென்று படித்திருக்கிறது. அவரும் சுந்தரராமனும் டில்லிபாபுவும் மூன்று வண்டிகளில் தெருத்தெருவாகப் போய்க் கிழித்தார்கள். கஞ்சிப் பசை நன்றாகக் காய்ச்சியது. மேலே முகம் கிழிந்து வந்தது. கீழே பெயரும் தேதியும் சுவரோடு நின்றன. சில இடங்களில் முகம் போய், தோளும் தோளில் இருந்த விரல்களும் மிஞ்சின. யாருடையது என்று தெரியாத தோளை யாருடையது என்று தெரியாத கை பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி மக்கள் பேருந்துக்கு நின்றார்கள்.

அதன்பின் சில மாற்றங்கள் தென்பட்டன. தனித்தனியே எடுத்துச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிவிடலாம்.

நாள்தோறும் டில்லிபாபுவின் வண்டியைக் குரைத்துத் துரத்தும் நாய்கள் துரத்துவதை நிறுத்தின. அவர் வரும்போது எழுந்து நின்று, தலையைத் தாழ்த்தி, வழி விட்டன. சுந்தரராமனின் மனைவி ஜெயலக்ஷ்மி வழக்கமாகக் கதவைத் திறந்து பால் வாங்குகிறவர்; இப்போது துணிப்பையை வாசற்கம்பியில் மாட்டிவிட்டு உள்ளேயே இருந்துகொண்டார். மணி அடிக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு வாசலாக மணி அடிக்காத வாசல் ஆயிற்று. கேலி சொல்ல அவர் வாய் திறப்பார். கேட்பதற்கு எதிரே யாரும் இல்லை. தெருவுக்குப் பால் வந்ததே தவிரக் குரல் வரவில்லை.

சாந்தோமில், தம்மை அறியாத ஒரு தேநீர்க்கடையில் டில்லிபாபு ஒருநாள் நின்றபோது, எதிர்ச்சுவரில் முகம் கிழிந்த அஞ்சலி ஒன்று இருந்தது. வலைக்காரர் ஒருவர் அதைக் காட்டித் தாமாகவே பேச்செடுத்தார்.

"பால்காரன் ஒருத்தன், நைனா. மந்தைவெளி தாண்டி பள்ளம் கீதே, அதுல வுழுந்தான். நான் பின்னாடிதான் போய்க்கினு இருந்தேன். பாக்கெட் எல்லாம் ஒடைஞ்சு பள்ளத்துத் தண்ணி பூரா வெள்ளையா பூட்ச்சு. தண்ணி குடுன்னான்."

எந்த நாளில் என்று டில்லிபாபு கேட்டார்.

"தேதிதான் போட்டுக்கீதே, பாரேன்" என்றார் அந்த மனிதர், தாம் பாராமலே.

பொய் சொல்லும் முகம் அல்ல அது. தம் வாழ்நாளெல்லாம் வேடிக்கைக்காகப் பொய் சொன்ன டில்லிபாபுவுக்குப் பொய் எது என்று தெரியும். அந்த மனிதரின் கண்ணில் அது இல்லை. பார்த்ததைச் சொல்கிறவரின் சோர்வு இருந்தது. டில்லிபாபு தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் பள்ளத்தில் நேர்ந்தது. சுவரொட்டி ஏறிய நாள் முதல் அதில் யாரும் விழவில்லை. மழையில் வழுக்கிய வண்டிகளும் விளிம்புவரை போய் நிமிர்ந்தன. யாரோ அதன் ஓரத்தில் ஊதுவத்தி செருகியிருந்தார்கள். கடந்துபோகும் பெண்கள் தலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளிப் போட்டார்கள். பூ மிதக்கவில்லை. குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டதை ரத்னா மறைவாக நின்று கேட்டார். பள்ளத்துக்கு ஆள் சொல்லியாச்சு, இனிமேல் அது வேறு யாரையும் தொடாது, சொன்ன நாள்வரை பொறுத்திருக்கும் என்றார்கள்.

அன்று முதல் ரத்னாவுக்கு வேறு வேலை இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பள்ளம் மூடப்பட வேண்டும். கணவர் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று சுந்தரராமன் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்குள் கிடப்பவரைக் கூப்பிடத் தெரியாதா அதற்கு என்று ரத்னா திருப்பிக் கேட்டார். கிழியாமல் எடுத்த சுவரொட்டி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு நாள்தோறும் கோட்ட அலுவலகத்துக்குப் போனார். பொறியாளரின் மேசைக்கு எதிரே அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்தார். மழையில் தார் ஒட்டாது, ஒட்டினாலும் நிற்காது என்று பொறியாளர் பொறுமையோடு விளக்கினார். அது உண்மையும்கூட. ரத்னா எழுந்திருக்கவில்லை.

பொறியாளர் அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று, முடியாமல், ஒருநாள் கேட்டார்.

"தோள்மேல இருக்கிறது யார் கைம்மா?"

"என் கை, சார்."

அவர் நெடுநேரம் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, வியாழக்கிழமை மழை இல்லாவிட்டால் லாரி அனுப்புகிறேன் என்றார். வியாழக்கிழமை விடியும் முன்பே கடலிலிருந்து மேகம் ஏறி, நண்பகல்வரை கொட்டித் தீர்த்தது. லாரி வரவில்லை.

இறைவனுக்குப் பெயர் ஆயிரம். எந்தப் பெயரால் அழைத்தாலும் வருகிறவன் ஆதலால், எந்தப் பெயராலும் அவனைப் பிடித்துக் கொண்டுபோக இயலாது. மனிதனுக்கோ பெயர் ஒன்று. அதை எழுதிச் சுவரில் ஒட்டி, நாளும் குறித்துவிட்டால், அவன் ஒளிந்துகொள்ள வேறு நிழல் இல்லை. இதை எந்த ஏட்டிலும் படிக்காமலே ரத்னா கண்டுகொண்டார். அவர் பிறந்த வீட்டில் குழந்தைகள் பிறந்து பிறந்து மறைந்தன. தங்கின அண்ணனை அவர் தாய் பக்கத்துத் தெருக்காரருக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் இட்ட பெயரால் அழைத்துத் தாயே வளர்த்தார். அழைத்துப்போக வருகிறவன் விசாரித்தால், இந்த வீட்டில் அப்படிப் பிள்ளை இல்லை. பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் தொட்டிற் பிள்ளைக்குச் செய்வது. கட்டிய கணவனுக்கு யாரும் செய்ததில்லை.

வியாழன் மாலை, விளக்கு வைக்கும் வேளையில், முந்தானையில் தவிடு முடிந்துகொண்டு, கணவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, ரத்னா ஷரஃபுதீனின் அச்சகத்துக்கு வந்தார். சுந்தரராமனும் உடன் வந்தார்.

ஷரஃபுதீன் முதலில் உடன்படவில்லை. "மனுசன வாங்கறது எங்க மார்க்கத்துல ஆகாது, பொண்ணு."

"நீ கோத்த எழுத்து, பாய்" என்றார் ரத்னா. "இவரு பேர நீதான் எழுதி அந்தப் பக்கம் அனுப்பிச்ச. இப்ப வேற எழுத்து கோத்துக் குடு."

இது குழந்தைகளுக்கு அல்லவா என்று சுந்தரராமன் மெல்லத் தடுத்தார்.

"வர்றவனுக்கு வயசா தெரியும், சார்? பேருதான் தெரியும்."

ஷரஃபுதீன் விரல்களில் இருந்த அச்சு மையைத் துடைத்தார். பிறகு கை கழுவி வந்து, ரத்னா முந்தானையிலிருந்து அள்ளித் தந்த தவிட்டை வாங்கி, அதையே திரும்ப ரத்னாவின் மடியில் விலையாகப் போட்டார். டில்லிபாபு ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அவர் வாழ்வில் வாயெடுத்துச் சொல்லாமல் விட்ட முதல் கேலி அதுவாக இருக்கும். ஷரஃபுதீன் எழுத்துப் பெட்டிக்கு முன் நின்று மூன்று ஈய எழுத்துக்களைப் பொறுக்கினார். மை தடவி, வாங்கிய பிள்ளையின் மணிக்கட்டில் அழுத்தி எடுத்தார். எழுத்து நேராக விழுந்தது. பிச்சை.

அந்த நொடியிலிருந்து பழைய பெயரை யாரும் சொல்லக் கூடாது. யாராவது சொன்னாலும் அவர் காதில் வாங்கக் கூடாது. வழக்கத்தின் கட்டளை இதுவே. ஒருமுறை திரும்பிப் பார்த்தாலும் விற்றது விற்றதாகாது. எல்லாச் சைக்கிள்காரருக்கும் அன்றிரவே சொல்லி வைத்தார் சுந்தரராமன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை இல்லை. வானம் சாம்பல் பூசியிருந்தது. சொன்னபடி சைக்கிள்காரர்கள் வந்தார்கள். நகரத்தின் அந்தப் பகுதியில் இத்தனை சைக்கிள்கள் இருந்தன என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. கூச்சல் இல்லை, முழக்கம் இல்லை. ஒவ்வொருவரும் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல. பள்ளத்தைச் சுற்றி வளைவு முழுவதும் சைக்கிள்கள் படுத்துக்கிடந்தன. பேருந்துகள் நின்றன. அரசாங்கக் கார் ஒன்றும் நின்றது. நடுவில் ஒரு நாற்காலியில், துணி போர்த்திய படம். வேடிக்கைக்காகச் செய்துவைத்தது, வேறு படம் இல்லாததால் இப்போதும் அதுவே. ஷரஃபுதீன் தாம் வாங்கிய பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டத்தின் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்.

போலீஸ் வந்தது, பின்னாலேயே பொறியாளரும் வந்தார். அவர் பள்ளத்தின் விளிம்பில் நின்று சுற்றிலும் பார்த்தார். நாள்தோறும் தம்மெதிரே உட்கார்ந்த பெண்ணைக் கண்டார். இந்தக் கூட்டத்தின் தலைவன் யார் என்று அறிய வேண்டியது அவர் கடமை. அவருக்குத் தெரிந்த பெயர் சுவரொட்டியில் படித்த ஒன்றுதான்.

"டில்லிபாபு யாரு இங்க?"

ஒருவரும் அசையவில்லை. பேருந்தின் எஞ்சின் நின்றுவிட்டிருந்தது. பள்ளத்து நீர், எத்தனை வண்டி போனாலும் நடுங்காத நீர், நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு வளையம் ஓடி அடங்கியதைச் சுந்தரராமன் கண்டார். பக்கத்தில் நின்ற பூக்காரப் பெண்ணும் கண்டார்.

"டில்லிபாபு. முன்னாடி வாய்யா, ஒண்ணும் பண்ண மாட்டேன்."

பின்வரிசையில் நின்றவரின் கால் தானாக எழுந்தது. முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளாக அந்தப் பெயருக்கு எழுந்து பழகிய கால். ஷரஃபுதீன் அவர் மணிக்கட்டை, மை காய்ந்த இடத்தில், இறுகப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் முறை பொறியாளர் அழைக்க எடுத்தபோது ரத்னா முன்னால் வந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது.

"அவரு இல்லீங்க."

மனைவி வாயால் அந்த இரண்டு சொற்களைக் கேட்ட தமிழர் எவரும் மேலே ஒரு கேள்வி கேட்பதில்லை. பொறியாளர் கேட்கவில்லை. படத்தின்மேல் இருந்த துணி காற்றில் பாதி விலகியிருந்தது. அதன் கீழே ஒட்டியிருந்த சுவரொட்டித் துண்டின் தேதியை அவர் படித்தார். அன்றைய தேதி. குங்குமத்தையும் தாலியையும் அவர் பார்க்காமல் இல்லை. ஆயினும் செருப்பைக் கழற்றினார். சாலை ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, படத்தை நோக்கிக் கை கூப்பினார். பிறகு திரும்பி, தம்மோடு வந்தவரிடம், தார் லாரியை உடனே கொண்டுவரச் சொன்னார். உயிர்ச்சேதம் என்று எழுதிக்கொள்ளுமாறும் சொன்னார்.

லாரி நண்பகலில் வந்தது. தொழிலாளிகள் வாளி வாளியாக நீரை இறைத்தார்கள். கருங்கல் ஜல்லி போட்டார்கள். அளந்து கொண்டுவந்தது போதவில்லை, மறுபடியும் கொண்டுவந்து போட்டார்கள். சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, தாம் கிழித்து வைத்திருந்த சுவரொட்டித் துண்டுகளைக் கல்லோடு கல்லாகப் போட்டார்கள். கொதிக்கும் தார் ஊற்றியபோது ஈரக் கல்லிலிருந்து ஆவி எழுந்தது. அதோடு ஒரு நெடுமூச்சும் எழுந்தது. சூடு பட்ட ஈரம் அப்படித்தான் ஒலிக்கும் என்று மேஸ்திரி சொன்னார். சொன்னவர் சாலை உருளை ஓடி முடியும்வரை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. மாலைக்குள் வளைவு மட்டமாயிற்று. அதன்மேல் முதல் வண்டியை ஓட்டிப்போனவர் சுந்தரராமன்.

பிச்சை என்பவர் மறுவாரம் முதல் அதே வீடுகளுக்குப் பால் போட்டார். ஜெயலக்ஷ்மி கதவைத் திறந்து, அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்து, பழைய பால்காரன் எவ்வளவு தமாஷாகப் பேசுவான் தெரியுமோ என்றார். பிச்சை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் அதிகம் பேசாதவர் என்று தெருவில் பெயர் வந்தது. பள்ளம் திறக்கவில்லை. அடுத்த மழையிலும் அதற்கடுத்த மழையிலும் அங்கே யாரும் விழவில்லை.

அதன்பின் வந்த ஒரு தை மாத வைகறை. பனி இறங்கியிருந்தது. பிச்சை பால் டப்புகளோடு அந்த வளைவில் திரும்பினார். தேநீர்க்கடை இன்னும் திறக்கவில்லை; சாலையில் வேறு ஆள் இல்லை. மூடிய இடத்தின்மேல் சக்கரம் ஏறி இறங்கிய நொடியில், பின்னாலிருந்து, மிக அருகில், ஒரு பெண்குரல் கூப்பிட்டது. அதட்டல் இல்லாத, அடுப்படியிலிருந்து கூப்பிடுவது போன்ற குரல். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. குரல் ரத்னாவுடையது.

அவர் திரும்பவில்லை. பெடலை மிதித்தார். குரல் சற்றுத் தூரம் கூடவே வந்து நின்றுவிட்டது.

அன்று பால் போட்டு முடித்து வீட்டுக்கு வந்தபோது ரத்னா வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். காலையில் நீ அந்தப் பக்கம் வந்தாயா என்று பிச்சை கேட்டார். வரவில்லை என்றார் ரத்னா. வளைவில் நின்று டில்லிபாபு என்று கூப்பிட்டது நீ இல்லையா என்று கேட்டார்.

ரத்னா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு அது, டில்லிபாபு?"